கிரியோல் பேசுவதால் ஒரு நாடு ஏழையாகுமா? ஹெய்ட்டி, மொரிஷியஸ் குறித்து ஒரு விவாதம்

வணிகச்சாத்து எழுதியது:

மொழியைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மிடையே உணர்ச்சி முந்திக்கொள்கிறது. ஆகவே, உலக வரைபடத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியை எழுப்புகிறேன். கரீபியக் கடலில் ஹிஸ்பானியோலா என்ற ஒரே தீவை இரண்டு நாடுகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. கிழக்கே டொமினிக்கன் குடியரசு. அங்கே வீட்டிலும் அலுவலகத்திலும் ஸ்பானிய மொழிதான். மேற்கே ஹெய்ட்டி, அங்கே ஏறத்தாழ எல்லோரும் பேசுவது, பிரெஞ்சுச் சொற்களை எடுத்துக்கொண்டு கரும்புத் தோட்ட அடிமைகளிடையே உருவான கிரியோல் (இப்படிப் பல மொழியினர் கலந்த இடங்களில் பிறந்த மொழிகளுக்கெல்லாம் அதுவே பொதுப்பெயர்). கிழக்குப் பாதி சுற்றுலாவாலும் ஏற்றுமதியாலும் வளர்ந்துகொண்டே போக, மேற்குப் பாதி அமெரிக்கக் கண்டங்களிலேயே மிக வறிய நாடாகக் கிடக்கிறது.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு இதுதான்: ஆள வந்தவர்களின் மொழியை முழுமையாகக் கற்றுக்கொண்ட மக்களுக்குச் சட்டம், அறிவியல், வணிகம் ஆகிய மூன்றின் கதவுகளும் திறந்தன, பாதி வழியில் நின்று கலப்பு மொழி ஒன்றோடு தங்கிவிட்டவர்களுக்கு அவை திறக்கவில்லை. சிங்கப்பூர் ஆங்கிலத்தைத் துணிந்து ஏற்றது. இன்று அது நிற்கும் இடம் நமக்குத் தெரியும். அப்படியிருக்க, ஹெய்ட்டியில் கிரியோல் வழியில் பள்ளிக் கல்வி வேண்டும் என்று மொழியியலாளர்கள் வாதிடுவது, ஏழைப் பிள்ளைகளை ஏழைகளாகவே வைத்திருக்கும் யோசனையாக எனக்குப் படுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

நெய்தல்நிலவன் எழுதியது:

வணிகச்சாத்து ஐயா அவர்களுக்கு வணக்கம். நீங்கள் மரியாதையோடு கேட்டிருக்கிறீர்கள்; அதனால் பொறுமையாகவே பதில் எழுதுகிறேன். ஆனால், உங்கள் முடிவு என்னை வருத்தப்படுத்துகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஹெய்ட்டியை எந்த மொழி ஆண்டது என்பதை முதலில் பார்ப்போம். 1804 ஜனவரி 1-ஆம் நாள் அந்த நாடு விடுதலையை அறிவித்தபோது அந்த அறிவிப்பே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. அதற்குப் பின் சட்டங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் நிலப் பத்திரங்களும் பள்ளிப் புத்தகங்களும் பிரெஞ்சிலேயே இருந்தன. அமெரிக்கப் படை அங்கே தங்கியிருந்த காலத்தில் வந்த 1918 அரசியல் சட்டம் பிரெஞ்சை ஆட்சிமொழி என்று எழுத்திலேயே பொறித்தது. கிரியோலும் ஆட்சிமொழி என்ற நிலை 1987 அரசியல் சட்டத்தில்தான் வந்தது. அதாவது, 180 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நாட்டின் கருவூலத்தையும் நீதிமன்றத்தையும் பள்ளியையும் நடத்தியது நீங்கள் பரிந்துரைக்கும் அதே ஆதிக்க மொழி. ஆட்சிக் கட்டிலில் ஒருநாளும் உட்காராத ஒரு மொழியின் மேல் ஆட்சியின் தோல்வியைச் சுமத்துவது எந்த ஊர் நியாயம்?

வறுமைக்கான காரணத்தைக் கணக்குப் புத்தகத்திலேயே பார்க்கலாம். 1825-இல் பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டார். விடுதலை பெற்ற அடிமைகள் தங்கள் உடலுக்கான விலையைத் தங்கள் பழைய எசமானர்களுக்குக் கட்ட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இதை எழுதும்போதே நெஞ்சு கொதிக்கிறது. 1838-இல் அந்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது உண்மை. ஆனால், முதல் தவணையைக் கட்டவே பாரிஸ் வங்கிகளிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் என்று நீண்டு, கடைசிச் சுமை 1947-இல்தான் இறங்கியது. காப்பி ஏற்றுமதியின் வரிப்பணம் சாலைக்கும் பள்ளிக்கும் போயிருக்க வேண்டிய நூறாண்டுக் காலம் அப்படிக் கழிந்தது.

அகரமுதலி எழுதியது:

நண்பர் நெய்தல்நிலவன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். டொமினிக்கன் குடியரசோடு செய்த ஒப்பீட்டில், காலம் என்ற அச்சு விடுபட்டிருக்கிறது. 1960 வாக்கில் இரு நாடுகளின் தனிநபர் வருமானமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. அன்றும் கிழக்கே ஸ்பானியம், மேற்கே கிரியோல். இடைவெளி பெரும்பாலும் அதற்குப் பிறகு விரிந்தது. மாறாமல் இருந்த ஒன்றை, மாறிய ஒன்றுக்குக் காரணமாகக் காட்ட இயலாது. அந்த ஆண்டுகளில் ஹெய்ட்டியில் மாறியது என்ன என்று தேடினால், 1957 முதல் 1986 வரை தந்தையும் மகனுமாக நாட்டைச் சூறையாடிய துவாலியே ஆட்சியில் வந்து நிற்போம். படித்தவர்கள் கூட்டங்கூட்டமாக நாட்டைவிட்டு ஓடினார்கள். ஓடியவர்கள் பெரும்பாலும் நன்றாகப் பிரெஞ்சு தெரிந்தவர்கள்.

உங்கள் கருதுகோளைச் சோதிக்க இதைவிடத் தெளிவான ஓர் இணை மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது: தீவு நாடான கேப் வர்டியும் பெருநிலத்தில் உள்ள கினி-பிசாவுவும். இரண்டும் போர்த்துகீசியக் காலனிகள். அமில்கார் கப்ரால் தொடங்கிய ஒரே கட்சிதான் இரண்டின் விடுதலைக்கும் போராடியது. இரண்டிலும் ஆட்சிமொழி போர்த்துகீசியம்; இரண்டிலும் தெருவில் கேட்பது ஒன்றுக்கொன்று நெருங்கிய கிரியோல்கள். விடுதலைக்குப் பின் இரண்டையும் ஒரே நாடாக்கும் கனவுகூட இருந்தது. 1980-இல் பிசாவுவில் நடந்த இராணுவக் கவிழ்ப்பு அதை முடித்துவைத்தது. பிறகு கினி-பிசாவு 1998-இல் உள்நாட்டுப் போரையும், 2003, 2012 ஆண்டுகளில் மேலும் கவிழ்ப்புகளையும் கண்டது. கேப் வர்டியோ 1991-இல் பல கட்சித் தேர்தல் நடத்தி, ஆளுங்கட்சி தோற்று, அமைதியாக ஆட்சியைக் கைமாற்றியது. 2007-இல் மிகவும் பின்தங்கிய நாடுகள் என்ற ஐ.நா. பட்டியலிலிருந்தும் வெளியேறியது. மழை பொய்க்கும் எரிமலைத் தீவுகள் முன்னேறின. ஆறும் நெல்வயலும் உள்ள நாடு பின்தங்கியது. இந்த வேறுபாட்டை எந்த மொழியின் கணக்கில் எழுதப் போகிறோம்?

கவனிக்க ஒன்று: நீங்கள் சொல்லும் அளவில் 'பாதி வழியில் நின்றவர்கள்' கேப் வர்டி மக்கள்தாம். அங்கே கிரியோல் ஏறத்தாழ எல்லோருக்கும் தாய்மொழி. கினி-பிசாவுவில் பலருக்கு அது இணைப்பு மொழி மட்டுமே. வீட்டில் வேறு ஆப்பிரிக்க மொழி பேசுவார்கள்.

வணிகச்சாத்து எழுதியது:

இருவருக்கும் நன்றி. 1825 கடன் அநீதி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கேப் வர்டி எடுத்துக்காட்டும் என்னை யோசிக்க வைக்கிறது. ஆயினும் அதே எடுத்துக்காட்டை என் பக்கமிருந்தும் வாசிக்கலாம். கேப் வர்டி விடுதலைக்குப் பிறகும் போர்த்துகீசியத்தையே ஆட்சிமொழியாக வைத்துக்கொண்டது. கப்ராலே, போர்த்துகீசிய மொழி காலனியர் விட்டுச்சென்ற நல்ல கருவிகளுள் ஒன்று என்றுதான் கருதினார். புரட்சிக்காரருக்கே அந்தத் தெளிவு இருந்தது.

மொரிஷியஸையும் பாருங்கள். அங்கே மக்கள் பேசுவது கிரியோல். ஆனால் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் பள்ளித் தேர்வும் ஆங்கிலத்தில். இந்தியப் பெருங்கடலில் ஒரு சின்னத் தீவு, உயர் நடுத்தர வருவாய் நாடாக மேலே வந்திருக்கிறது. ஆங்கிலம் இல்லாமல் அதன் நிதித்துறை உருவாகியிருக்குமா? என் கருத்தைச் சற்றுத் திருத்தி வைக்கிறேன்: கிரியோல் பேசுவது கேடில்லை; அதை அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கொண்டுவருவதுதான் கேடு.

போர்ட் லூயி வாசி எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் நாட்டின் பெயர் வந்துவிட்டதால் எழுதுகிறேன். நான் மொரிஷியஸில் ஐந்தாம் தலைமுறைத் தமிழன். என் தமிழ் புத்தகத்திலும் கோவிலிலும் கற்ற தமிழ். பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்.

எங்கள் நாடு எப்படி முன்னேறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1968 மார்ச் 12-ஆம் நாள் விடுதலை பெற்றபோது ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரைதான். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் என்ற பொருளியலாளர் 1961-இல் எங்கள் தீவைப் பற்றி எழுதிய அறிக்கையில், பெருகும் மக்கள்தொகையும் ஒற்றைப் பயிரும் எங்களை வறுமையில் தள்ளும் என்று அஞ்சினார். அது நடக்கவில்லை. 1970-இல் ஏற்றுமதித் தொழிலுக்கான சட்டம் வந்தது; ஹாங்காங் முதலாளிகள் துணி ஆலைகளைத் திறந்தார்கள்; எங்கள் தாய்மாரும் அக்காமாரும் அவற்றில் வேலைக்குப் போனார்கள். 1975 முதல் ஐரோப்பா ஒப்பந்தப்படி, உலகச் சந்தையைவிட உயர்ந்த விலையில், ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் டன் சர்க்கரையை வாங்கிக்கொண்டது. தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன. தோற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நிதித்துறைக்கு ஆங்கிலம் உதவியது உண்மை. இந்தியாவோடு செய்துகொண்ட வரி ஒப்பந்தம் அதைவிட அதிகமாக உதவியது.

அந்தத் துணி ஆலைகளில் மேற்பார்வையாளர் தொழிலாளியிடம் பேசியது எந்த மொழியில் என்று நினைக்கிறீர்கள்? கிரியோலில்தான். தமிழர், போஜ்புரி பேசியவர், சீனர், ஆப்பிரிக்க வழியினர், முஸ்லிம்கள் என்று இத்தனை பேரும் ஒரே தையல் வரிசையில் உட்கார்ந்து வேலை செய்ய முடிந்ததற்கு அந்த மொழிதான் பாலம். ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்டவர்கள் எங்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இனி, பள்ளியைப் பற்றி. நான் படித்த தொடக்கப் பள்ளியில் அறிவியல் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆசிரியை ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசிப்பார். பிறகு கிரியோலில் விளக்குவார். வகுப்பே உயிர்பெறும், கேள்விகள் பறக்கும். பிறகு கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிப்போடுவார். நாங்கள் பொருள் தெரியாமல் பார்த்து எழுதுவோம். தேர்வுத்தாளில் அந்தப் பொருள் தெரியாத வரிகளைத்தான் கேட்டார்கள். ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த பழைய தேர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் தோற்பது பல ஆண்டுகள் வழக்கமாகவே இருந்தது. என் பக்கத்து இருக்கையில் இருந்த தோழன், வண்டிச் சக்கரத்தின் இயக்கத்தை ஆசிரியைக்கே விளங்கவைத்தவன், அந்த மூன்றில் ஒருவனாகி வெளியேறினான். நாட்டின் வளர்ச்சிக் கணக்கில் அவன் இழப்பு எந்தப் பத்தியிலும் வராது.

நெய்தல்நிலவன் எழுதியது:

போர்ட் லூயி வாசி அவர்களின் மடலை இருமுறை வாசித்தேன். இவ்விவாதத்தின் நடுப்புள்ளி அவர் தோழன் உட்கார்ந்திருந்த அந்த இருக்கையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நாட்டின் மொத்த வருமானத்தை மொழி தீர்மானிக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. சிங்கப்பூரின் ஆங்கிலத்தைக் காட்டினால், அதே ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட சியெரா லியோன் 1991 முதல் 2002 வரை வைரத்துக்காக எரிந்ததையும் சேர்த்துக் காட்ட வேண்டும். எவருடைய காலனி மொழியையும் கடன் வாங்காமல் தங்கள் மொழியிலேயே பொறியியல் படிக்கும் கொரியரையும் ஜப்பானியரையும் எந்தப் பெட்டியில் வைப்பது? ஆனால் இருக்கும் வருமானத்தில் யாருக்குப் பங்கு, யார் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள் என்பதைப் பயிற்றுமொழி பெருமளவு தீர்மானிக்கிறது.

'பாதி வழியில் நின்ற மொழி' என்ற சொல்லையும் மறுக்க வேண்டியிருக்கிறது. மொரிஷியஸ் கிரியோலில் 'மோ பெ மான்ஸே' என்றால் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 'மோ தி மான்ஸே' என்றால் சாப்பிட்டேன். 'மோ பு மான்ஸே' என்றால் சாப்பிடுவேன். வினைச்சொல் அசையாமல் நிற்க, அதன் முன்னால் வரும் சிறு சொல் காலத்தைச் சுமக்கிறது. பிரெஞ்சைத் தப்பும் தவறுமாகப் பேசியதால் இந்த ஒழுங்கு கிடைக்காது. இது தனக்கென விதிகள் வகுத்துக்கொண்ட முழுமையான இலக்கணம். இன்னொன்றும் சொல்ல ஆசை: முருங்கைக் கீரையை அந்தத் தீவில் 'பிரெட் முரும்' என்கிறார்கள். நம் முருங்கையும் அந்த மொழியின் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிறது.

வணிகச்சாத்து எழுதியது:

போர்ட் லூயி வாசி அவர்களே, உங்கள் தோழனின் கதை என்னைத் தொட்டது. அதை எண்களால் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நாட்டு வருமானத்தையும் கிரியோலையும் நேராக முடிச்சுப்போட்டது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஹெய்ட்டியின் ஆட்சியைப் பிரெஞ்சுதான் நடத்தியது என்ற வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் நடைமுறைக் கேள்வி ஒன்று அப்படியே நிற்கிறது. சிஷெல்ஸ் தீவுகள் 1982-இல் துணிந்து கிரியோலைத் தொடக்கப் பள்ளியின் பயிற்றுமொழியாக்கின. இன்று அங்கே மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். ஒரு இலட்சம் பேர் உள்ள நாட்டில் மேல்வகுப்பு வேதியியலுக்குக் கிரியோலில் புத்தகம் அச்சடித்தால் யார் வாங்குவார்கள்? ஹெய்ட்டியில் 1979 வாக்கில் கல்வி அமைச்சர் பெர்னார் தொடங்கிய சீர்திருத்தம் கிரியோலை முதல் வகுப்புகளுக்குக் கொண்டுவந்தபோது, எதிர்த்தவர்களில் ஏழைப் பெற்றோரும் இருந்தார்கள். பிரெஞ்சு வழிப் பள்ளிக்கு அனுப்புவதற்காக அவர்கள் வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தார்கள். அவர்களுடைய விருப்பத்தை, அறியாமை என்று நாம் தள்ளலாமா?

அகரமுதலி எழுதியது:

தள்ளக் கூடாது. அந்தப் பெற்றோர் தெளிவானவர்கள். அரசு வேலைக்கான விண்ணப்பமும் நீதிபதியின் கேள்வியும் பிரெஞ்சில் இருக்கும்வரை, தம் பிள்ளை பிரெஞ்சு கற்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பது சரியான கணக்கு. பள்ளியை மட்டும் மாற்றிவிட்டு அலுவலகத்தை அப்படியே விட்டதுதான் பெர்னார் சீர்திருத்தத்தின் குறை. 1987-இல் அரசியல் சட்டம் கிரியோலை ஏற்ற பிறகும் சட்டங்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலேயே வெளிவந்தன. கிரியோல் கழகம் ஒன்றை நிறுவவே 2014 வரை ஆனது.

பிரெஞ்சு கற்க வேண்டும் என்பதற்கும், எழுத்தறிவையே பிரெஞ்சில் தொடங்க வேண்டும் என்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. ஹெய்ட்டியின் லகொனாவ் தீவில் மாதென்வா என்ற ஊரில் 1996 முதல் ஒரு சமூகப் பள்ளி கிரியோலில் வாசிக்கக் கற்றுக்கொடுத்து, பிறகு பிரெஞ்சுக்குப் போகிறது. எழுத்தைக் கூட்டி வாசிக்கும் கலை ஒருமுறைதான் கற்க வேண்டியது. அதைத் தெரிந்த மொழியில் கற்றவர் அடுத்த மொழிக்கு எடுத்துச்செல்வார். சிஷெல்ஸ் இன்றும் முதல் ஆண்டுகளைக் கிரியோலில்தான் நடத்துகிறது. அதைக் கைவிட்டதாகச் சொல்ல முடியாது. அந்த நாடு 2015-இல் உலக வங்கியின் உயர் வருவாய்ப் பட்டியலில் சேர்ந்ததற்குச் சுற்றுலாவே காரணம், கிரியோல் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கிரியோல் வளர்ச்சியைத் தந்தது என்று நான் வாதிடவில்லை. தடுக்கவில்லை என்பதற்கு அது போதும்.

வணிகச்சாத்து எழுதியது:

முதல் வகுப்புகளில் தாய்மொழி, மேல்வகுப்பில் ஆங்கிலம் என்றால் நம்மிடையே பெரிய சண்டை இல்லை. ஆனால் எந்த வகுப்பில் மாறுவது என்பதில் நான் சீக்கிரம் என்பேன். நீங்கள் தாமதமாக என்பீர்கள். கடைசியாகப் போர்ட் லூயி வாசியிடம் ஒரு கேள்வி. தனிப்பட்டதாக இருந்தால் பதில் தர வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு வாய்ப்பு வந்தால் கிரியோலைப் பாடமாகத் தேர்ந்தெடுப்பீர்களா?

போர்ட் லூயி வாசி எழுதியது:

அந்த வாய்ப்பு வந்தது. 2012 ஜனவரியிலிருந்து எங்கள் தொடக்கப் பள்ளிகளில் கிரியோல் விருப்பப் பாடமாக இருக்கிறது. ஆனால் அதை வைத்திருப்பது தமிழ், இந்தி, தெலுங்கு, உருது, மண்டாரின் ஆகியவை இருக்கும் அதே பாடவேளையில். ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட வேண்டும்.

எங்களுக்குத் தமிழ் என்ன என்பதைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். 1998-இல் புதிய ரூபாய்த் தாளில் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சிட்டுவிட்டார்கள் என்பதற்காக எங்கள் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தத் தாள்களையே அரசு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தினமும் பேசாத மொழிக்காக அப்படிப் போராடினோம். அதே ரூபாய்த் தாளில், நாடே பேசும் கிரியோலுக்கு ஒரு வரி இடமில்லை. அதற்காக நாங்கள் எவரும் தெருவுக்கு வரவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது.

என் மகள் பெயரைப் பதிவு செய்யும் நாளில் விண்ணப்பத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். என் தாத்தாவின் மொழிக்கும் அவள் முதலில் அம்மா என்று அழைத்த மொழிக்கும் இடையில் ஒன்றைக் குறிக்கச் சொன்னது அந்தத் தாள். தமிழைக் குறித்தேன். அதற்காக வருந்தவில்லை, அவள் தைப்பூசக் காவடியன்று தேவாரம் வாசிக்கிறாள். ஆனால் அறிவியல் பாடத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறாள், கதையைப் பிரெஞ்சில் படிக்கிறாள், தேவாரத்தைத் தமிழில் வாசிக்கிறாள். வீட்டுக்கு வந்து அன்று பள்ளியில் நடந்ததை என்னிடம் கிரியோலில் சொல்கிறாள். அந்த மொழியை எழுத மட்டும் அவளுக்கு எவரும் இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை. அடுத்த விடுமுறையில் நானே தொடங்கலாம் என்றிருக்கிறேன்.